ஒருவருக்கு எவ்வளவு வேலை தரலாம்? பணிச்சுமை பற்றி ஓர் எளிய விளக்கம்

2002 அக்டோபரில் அமெரிக்க மருத்துவ சங்கத்தின் இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிண்டா எய்க்கனும் அவருடைய குழுவினரும் அந்த மாநிலத்தின் 168 மருத்துவமனைகளை எடுத்துக்கொண்டார்கள். அங்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட சுமார் 2,32,000 பேரின் பதிவுகளையும், பத்தாயிரத்துக்கும் அதிகமான செவிலியர்கள் தந்த பதில்களையும் சேர்த்துவைத்துப் பார்த்தார்கள். ஒரு செவிலியரின் பொறுப்பில் நோயாளி ஒருவர் கூடினால், 30 நாட்களுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியிருந்தது. அந்தச் செவிலியர் மனதளவில் ஓய்ந்துபோகும் வாய்ப்பு 23 சதவீதம் கூடியிருந்தது.

இந்த எண்களை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. வேலை அதிகமாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், அதை அவருடைய சொந்தக் கஷ்டமாகப் பார்த்தே நமக்குப் பழகிவிட்டது. “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஆனால் சுமை கூடும்போது வேலை செய்பவரும் நோகிறார், வேலையும் கெடுகிறது. ஊழியர் நலனுக்காக யோகா வகுப்பும் மருத்துவப் பரிசோதனையும் ஏற்பாடு செய்யும் நிறுவனங்கள் நல்ல காரியம்தான் செய்கின்றன. ஆனால் பத்து நோயாளிகளைப் பார்க்கும் செவிலியருக்கு மூச்சுப் பயிற்சி கற்றுத்தந்தாலும், மறுநாள் காலையில் அவர் முன்னால் அதே பத்துப் பேர்தான் இருப்பார்கள். சுமையை அளப்பதும் பிரிப்பதும் குறைப்பதும் வேலையைப் பங்கிட்டுக் கொடுப்பவரின் கடமை என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஒரு குழுவுக்கு முதன்முறையாகப் பொறுப்பேற்றவர்களையும் சிறிய நிறுவனம் நடத்துபவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

மணிக்கணக்கும் அதற்கு அப்பாலும்

சுமையை அளக்க எல்லோரும் முதலில் பார்ப்பது வேலை நேரத்தை. அது முக்கியமானதுதான். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021இல் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டன. வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிட, 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாதம் வரும் ஆபத்து 35 சதவீதம் அதிகம். இதய ரத்தக்குழாய் நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதம் அதிகம். 2016ஆம் ஆண்டில் மட்டும் இப்படி நேர்ந்த இறப்புகள் சுமார் 7,45,000 என்று அந்த மதிப்பீடு சொன்னது.

மொத்த நேரம் ஒன்றாகவே இருந்தாலும், அதை எப்படி அடுக்குகிறோம் என்பதைப் பொறுத்துச் சுமை மாறும். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டப்பேரவையில் தொழிற்சாலைகளுக்கான ஒரு திருத்த மசோதா நிறைவேறியது. நாளுக்கு 12 மணி நேர வேலைக்கு அது வழி திறந்தது. வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது மாறாது, நான்கு நாள் வேலை செய்துவிட்டு மூன்று நாள் ஓய்வு எடுக்கலாம் என்று விளக்கம் தரப்பட்டது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் கடுமையாக எதிர்த்தன. மே தினத்தன்று மசோதா திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். கூட்டிப் பார்த்தால் நான்கு பன்னிரண்டும் ஆறு எட்டும் ஒன்றுதான். ஆனால் பதினோராவது மணி நேரத்தில் இயந்திரத்தின் முன் நிற்கும் உடம்பு, மூன்றாவது மணி நேரத்தில் நின்ற உடம்பு அல்ல. அதோடு பேருந்துப் பயணம், வீட்டுச் சமையல், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் சேரும்போது அந்த நான்கு நாட்களில் தூக்கத்துக்கு என்ன மிஞ்சும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

சரி, நேரத்தை ஒழுங்காக வைத்துவிட்டால் போதுமா? ஒரே அலுவலகத்தில், ஒரே எட்டு மணி நேரத்தில், ஒருவர் தெம்பாக வீடு திரும்புகிறார். இன்னொருவர் துவண்டுபோய்த் திரும்புகிறார். இதற்கு ஒரு நல்ல விளக்கத்தை ராபர்ட் காரசெக் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1979இல் முன்வைத்தார். வேலை நம்மிடம் எவ்வளவு உழைப்பைக் கேட்கிறது என்பது ஒன்று. அதை எப்போது, எந்த வரிசையில், எப்படிச் செய்வது என்று நாமே முடிவெடுக்க எவ்வளவு இடம் இருக்கிறது என்பது இன்னொன்று. உழைப்பு அதிகம் கேட்டு, முடிவெடுக்கும் உரிமையும் கொடுத்தால், மனிதர்கள் களைத்தாலும் கற்றுக்கொள்கிறார்கள், வளர்கிறார்கள். உழைப்பு அதிகம் கேட்டு, உரிமை எதுவும் கொடுக்காத வேலைதான் ஆளை உடைக்கிறது.

இதை லண்டன் அரசு ஊழியர்களிடம் நடந்த ஒரு பெரிய ஆய்வு வலுப்படுத்தியது. ஒயிட்ஹால் ஆய்வு என்று அதற்குப் பெயர். மைக்கேல் மார்மட் தலைமையில் 1985இல் தொடங்கிய அதன் இரண்டாம் கட்டத்தில் 10,308 ஊழியர்கள் பங்கேற்றார்கள். பெரிய பதவியில் இருப்பவர்களுக்குத்தான் டென்ஷன் அதிகம், அவர்களுக்குத்தான் நெஞ்சுவலி வரும் என்று பொதுவாக நினைப்போம். ஆய்வில் தெரிந்தது நேர்மாறு. கீழ்நிலை ஊழியர்களிடம்தான் இதய நோய் அதிகமாக இருந்தது. அந்த வேறுபாட்டில் கணிசமான பங்கு, தங்கள் வேலையின் மேல் அவர்களுக்கு இருந்த குறைவான அதிகாரத்தோடு தொடர்புடையது.

அதனால் ஒருவரின் சுமையைக் குறைக்க வேலையைக் குறைப்பது மட்டும்தான் வழி என்று நினைக்க வேண்டாம். கால் சென்டரில் கழிவறைக்குப் போகவும் அனுமதி கேட்க வேண்டிய நிலை இருந்தால், அழைப்புகளின் எண்ணிக்கையைத் தொடாமலே அங்கே வேலை செய்பவரின் பாரத்தை நீங்கள் இன்றே கொஞ்சம் இறக்கிவைக்க முடியும். ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்தவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்ததையும் இப்படியே பார்க்கலாம். விற்க வேண்டிய புடவைகளின் எண்ணிக்கை அதனால் குறையவில்லை. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் கால் நீட்டும் உரிமை கிடைத்தது.

செய்யாமல் விட்டுப்போனவை

பொறுப்பில் இருப்பவருக்குச் சுமை கண்ணில் படாது. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அளவுக்கு மீறி வேலை கொடுத்தால் ஊழியர்கள் வந்து முறையிடுவார்கள் என்று நாம் எதிர்பார்க்கிறோம். பெரும்பாலானவர்கள் முறையிடுவதில்லை. சத்தமில்லாமல் சில வேலைகளை விட்டுவிடுகிறார்கள்.

அமெரிக்கச் செவிலியர் ஆய்வாளர் பியாட்ரிஸ் கலிஷ் 2006இல் இதைப் பற்றி எழுதினார். மருத்துவமனைச் செவிலியர்களைக் குழுக்களாக உட்காரவைத்து, அன்றாடம் எந்தப் பணிகள் விட்டுப்போகின்றன என்று கேட்டார். ஒன்பது பணிகள் திரும்பத் திரும்ப வந்தன. நோயாளியை எழுப்பி நடக்கவைப்பது, படுக்கையில் திருப்பிப் படுக்கவைப்பது, நேரத்துக்கு ஊட்டிவிடுவது, உடலைச் சுத்தம் செய்வது, ஆறுதலாகப் பேசுவது, வீட்டுக்குப் போனபின் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது போன்றவை அதில் அடக்கம். இந்தப் பட்டியலை நிதானமாகப் படித்தால் ஒன்று புரியும். விட்டுப்போகிறவை எல்லாம், விட்டால் உடனே யாரும் கேள்வி கேட்காதவை. ஊசி போடாமல் விட்டால் அரை மணி நேரத்தில் டாக்டர் கேட்பார். பாட்டியைத் திருப்பிப் படுக்கவைக்காமல் விட்டால், படுக்கைப் புண் வந்த பிறகுதான் தெரியும்.

உங்கள் இடத்திலும் இப்படி ஒரு பட்டியல் கட்டாயம் இருக்கும். மென்பொருள் குழுவாக இருந்தால் பரிசோதனையும் ஆவணங்களும் விட்டுப்போகும். பள்ளியாக இருந்தால், மெதுவாகக் கற்கும் மாணவனோடு உட்காரும் பத்து நிமிடம் விட்டுப்போகும். கிடங்காக இருந்தால் இடுப்பு பெல்ட்டும் பாதுகாப்பு விதிகளும். எண்ணிக்கை இலக்கு எட்டப்பட்டிருக்கும், அறிக்கையில் எல்லாம் பச்சையாகத் தெரியும்.

ஆகவே கேட்கும் கேள்வியை மாற்ற வேண்டும். வார்டு பொறுப்பாளர் இளம் செவிலியரிடம் “என்னம்மா, வேலை எப்படிப் போகுது?” என்று கேட்டால், “நல்லா போகுது மேடம்” என்றுதான் பதில் வரும். வேறு என்ன சொல்ல முடியும்? அதையே இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

“நேத்து நைட் டியூட்டில எதைச் செய்ய முடியாம போச்சு?”

“மூணாவது பெட் பாட்டிய ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் படுக்க வைக்கணும் மேடம். ஒரு தடவதான் முடிஞ்சுது. அந்த நேரம் பார்த்து ரெண்டு அட்மிஷன் வந்துருச்சு.”

இந்த ஒரு பதிலில் எல்லாத் தகவலும் இருக்கிறது: எந்த நேரத்தில் சுமை ஏறியது, எதனால் ஏறியது, யாருக்குப் பாதிப்பு. ஆனால் இப்படிப் பதில் சொன்னவருக்கு அன்றைக்கே மெமோ கொடுத்தீர்கள் என்றால், அதன்பின் அந்த வார்டில் யாரும் உங்களிடம் உண்மை பேச மாட்டார்கள்.

இந்த நிலை மாதக்கணக்கில் தொடர்ந்தால் வருவதைத்தான் உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பில், 2019இல், ‘பர்ன் அவுட்’ என்று வரையறுத்தது. நோய் என்று சொல்லவில்லை. சமாளிக்கப்படாமல் நீண்டுகொண்டே போன பணி அழுத்தத்தின் விளைவு என்றது. அதற்கு மூன்று அடையாளங்கள் சொன்னது: சக்தி முழுவதும் வடிந்துபோன களைப்பு, வேலையின் மேல் வரும் விலகலும் கசப்பும், தன்னால் ஒன்றும் ஒழுங்காகச் செய்ய முடியவில்லை என்ற எண்ணம். இரண்டாவது அடையாளத்தைத்தான் நாம் அடிக்கடி தவறாகப் படிக்கிறோம். நேற்றுவரை ஓடி ஓடி வேலை செய்தவர் இன்று “எனக்கென்ன” என்று பேசினால், திமிர் ஏறிவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன், கடந்த ஆறு மாதம் அவர் தலையில் என்னென்ன ஏற்றப்பட்டன என்று திரும்பிப் பார்க்க வேண்டும்.

முழுக்க நிரப்பினால் என்ன ஆகும்

ஊழியரின் எட்டு மணி நேரத்தையும் இடைவெளி இல்லாமல் நிரப்புவதுதான் திறமையான நிர்வாகம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. இது தவறு என்பதைக் கணக்காகவே காட்ட முடியும்.

டென்மார்க் கணிதவியலாளர் ஆக்னர் எர்லாங், கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்தவர். எத்தனை இணைப்புகள் இருந்தால் வாடிக்கையாளர்கள் அதிகம் காத்திருக்க நேராது என்ற கேள்வியிலிருந்து, 1909இல் வரிசைகளைப் பற்றிய கணிதத்துக்கு அடித்தளம் போட்டார். அந்த வழியில் வளர்ந்த எளிய கணக்கு ஒன்றைப் பார்ப்போம். வங்கியில் ஒரு கவுன்டர் இருக்கிறது. ஆட்கள் நினைத்த நேரத்தில் வருகிறார்கள். ஒருவருக்குச் சராசரியாக 15 நிமிடம் ஆகிறது, சிலருக்கு அதிகம், சிலருக்குக் குறைவு. கவுன்டர் ஊழியரின் நேரத்தில் 80 சதவீதம் நிரம்பியிருந்தால், வருபவர் சராசரியாக ஒரு மணி நேரம் காத்திருப்பார். 90 சதவீதம் நிரம்பினால் இரண்டே கால் மணி நேரம். 95 சதவீதம் என்றால் நாலே முக்கால் மணி நேரம். நிரப்பியது வெறும் 15 சதவீதம் கூடுதல். காத்திருப்பு ஐந்து மடங்குக்குக் கிட்டத்தட்டப் போய்விட்டது.

அலுவலக மேசையில் சேரும் வேலைக்கும் இதுவேதான் கதி. எப்போது எந்த மின்னஞ்சல் வரும், எந்தக் கோப்பு சிக்கலாகும் என்று முன்கூட்டித் தெரியாத இடங்களில், ஆளை முழுக்க நிரப்பினால் எல்லாமே தாமதமாகும். தாமதமானால் “என்னாச்சு” என்று கேட்டு இன்னும் நான்கு போன் வரும். அதற்குப் பதில் சொல்வதும் ஒரு வேலையாகச் சேரும். கையில் ஒரே நேரத்தில் பல வேலைகள் இருப்பதால் வரும் தொல்லை வேறு. ஒரு வேலையை முடிக்காமல் இன்னொன்றுக்குத் தாவினால், மனதின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே சிக்கிக்கொண்டு புதியதைக் கெடுக்கிறது என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் காட்டினார்.

அதனால் ஒருவருக்கு வேலை ஒதுக்கும்போது ஐந்தில் ஒரு பங்கு நேரத்தையாவது எதுவும் ஒதுக்காமல் விடுங்கள் என்பேன். அது எல்லா இடத்துக்கும் பொருந்தும் விதி அல்ல. திடீர் வேலைகள் அதிகம் வரும் இடத்தில் இன்னும் கூடுதலாக விட வேண்டியிருக்கும். அந்த நேரம் சும்மா கிடப்பதாகத் தோன்றும். கிடக்காது. அவசர வேலைகள் வந்து உட்காரும் இடம் அதுதான்.

ஒரு நாற்காலிக்கு நான்கு பேர்

இரவும் பகலும் ஓடும் இடங்களில், அதாவது மருத்துவமனை, காவல் பணி, டேட்டா சென்டர், சுங்கச்சாவடி போன்றவற்றில், சுமை கூடுவதற்கு ஒரு முக்கியக் காரணம் ஆள் கணக்கைத் தொடக்கத்திலேயே தப்பாகப் போடுவது. மூன்று ஷிஃப்ட், அதனால் ஓர் இடத்துக்கு மூன்று பேர் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள்.

போட்டுப் பார்ப்போம். ஓர் இடத்தில் எந்நேரமும் ஒருவர் இருக்க வேண்டும் என்றால் ஆண்டுக்கு 8,760 மணி நேரம். ஒருவருக்கு 365 நாட்களில் வார விடுமுறையாக 52 நாள் போகும். தற்செயல் விடுப்பு, ஈட்டிய விடுப்பு, மருத்துவ விடுப்பு, பண்டிகை நாட்கள் என்று 40 நாள் போகட்டும். மிஞ்சுவது 273 நாள். எட்டு மணி நேரம் வீதம் 2,184 மணி நேரம். 8,760ஐ அதனால் வகுத்தால் 4 வருகிறது. மூன்று பேரை வைத்து நடத்தினால், நான்காவது ஆளின் வேலை முழுவதும் அந்த மூவரின் ஓய்வு நாளிலிருந்து எடுக்கப்படுகிறது. டபுள் டியூட்டி, ஆஃப் ரத்து, கல்யாணத்துக்குக் கேட்ட லீவு மறுப்பு எல்லாம் இங்கிருந்துதான் கிளம்புகின்றன. செவிலியர் பணியிடங்களைக் கணக்கிடும்போது ‘லீவ் ரிசர்வ்’ என்று தனியாக ஒரு பங்கு சேர்ப்பது இதற்காகத்தான். மகப்பேறு விடுப்பை நான் இன்னும் இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

வேலை கூடும் நாட்கள்

சராசரியைப் பார்த்தால் சரியாக இருக்கும், குறிப்பிட்ட நாட்களில் மட்டும் ஆள் செத்துப் பிழைக்கும் இடங்களும் உண்டு. ஆடிட்டர் ஆபீஸ் அதற்கு நல்ல உதாரணம். மாதம் 7ஆம் தேதிக்குள் டிடிஎஸ், அதாவது பணம் கொடுக்கும்போதே பிடித்த வரியைக் கட்ட வேண்டும். ஜிஎஸ்டிக்காக 11க்குள் ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனை விவரமும், 20க்குள் 3பி என்ற சுருக்கக் கணக்கும் தாக்கல் செய்ய வேண்டும். மாதத்தின் முதல் மூன்று வாரம் மூச்சுத் திணறும். கடைசி வாரம் கொஞ்சம் இலகும். பலர் இதை விதியென்று ஏற்றுக்கொள்கிறார்கள்.

தேதியை அரசு வைக்கிறது, உண்மைதான். ஆனால் பில்கள் எப்போது வந்து சேர வேண்டும் என்பதை ஆபீஸ் தீர்மானிக்கலாம். 9ஆம் தேதி ராத்திரி பில் கட்டைக் கொண்டுவந்து போடும் கிளையன்ட்டிடம், மாதத்தில் நான்கு முறை வாராவாரம் அனுப்பும்படி கேட்கலாம். எல்லோரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பாதிப் பேர் ஒத்துக்கொண்டாலே 10ஆம் தேதி இரவு எட்டு மணிக்கு வீட்டுக்குப் போக முடியும். முன்னணி ஊழியர் ஒருவருக்கு மட்டுமே தெரிந்த வேலையை இன்னொருவருக்கும் பழக்கிவைப்பது, ஓய்வான கடைசி வாரத்தில் செய்ய வேண்டியது. இல்லையென்றால் அந்த ஒருவர் காய்ச்சலோடும் வந்து உட்கார வேண்டியிருக்கும்.

எங்கிருந்து தொடங்குவது

இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டு போடுங்கள். ஒவ்வொருவர் கையிலும் இப்போது என்னென்ன வேலை இருக்கிறது, எது எப்போது முடிய வேண்டும், எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று அவர்களையே எழுதச் சொல்லுங்கள். போனில் பதில் சொல்வது, புதியவருக்குக் கற்றுக்கொடுப்பது, வந்தவர்களுக்கு டீ ஏற்பாடு செய்வது போன்று யாரும் வேலையாக எண்ணாத வேலைகளும் அதில் வர வேண்டும். இவை பெரும்பாலும் பெண் ஊழியர்கள் மேலேயே விழுவதைப் பல அலுவலகங்களில் பார்க்கலாம். நன்றாக வேலை செய்பவர் மேலேயே மேலும் மேலும் வேலை குவிவதும் இந்த நோட்டில் தெரிந்துவிடும்.

பிறகு உட்கார்ந்து கூட்டுங்கள். கூட்டல் நாளுக்கு எட்டு மணி நேரத்தைத் தாண்டினால் நான்கே வழிகள்: ஆள் சேர்ப்பது, வேலையைக் குறைப்பது, தேதியைத் தள்ளுவது, இன்னும் எளிமையாகச் செய்து முடித்தால் போதும் என்று ஒத்துக்கொள்வது. இதில் எதையும் தேர்ந்தெடுக்காத மேலாளர், அந்தத் தேர்வை ஊழியரிடம் தள்ளிவிடுகிறார். ஊழியர் தன் தூக்கத்திலிருந்தோ நோயாளியின் பராமரிப்பிலிருந்தோ எடுத்து ஈடுகட்டுகிறார். இந்தத் தேர்வைத் தனித்தனி மருத்துவமனைகளிடம் விட்டுவைக்கக் கூடாது என்றுதான் கலிபோர்னியா 1999இல் சட்டம் இயற்றி, 2004 முதல் ஒரு செவிலியருக்கு இத்தனை நோயாளிகளுக்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டு பேர். பொதுவான மருத்துவ, அறுவை சிகிச்சை வார்டுகளில் இப்போது ஐந்து பேர்.

நடுவில் புதிய வேலை வந்தால், “இதையும் பார்த்துக்கோங்க” என்று வைத்துவிட்டுப் போகாதீர்கள். “இதைச் செய்யணும்னா கையில இருக்கிறதுல எதை நிறுத்தலாம்?” என்று கேட்டு, நிறுத்தும் முடிவை நீங்கள் எடுங்கள். நிறுத்திய வேலையை எதிர்பார்த்துக்கொண்டிருப்பவருக்கும் அதை நீங்களே சொல்லுங்கள். ஊழியர் பக்கம் இருப்பவர்களும் இதையே கேட்கலாம்: “சார், இது நாளைக்குள்ள வேணும்னா, ஸ்டேட்மென்ட் வியாழக்கிழமைதான் முடியும். எது முதல்ல வேணும்?” முடியாது என்று சொல்லத் தயங்குபவர்களுக்கும் இந்தக் கேள்வி வாயில் வரும்.

இரண்டு மாதம் கழித்து அதே நோட்டைத் திரும்பவும் போடுங்கள். ஓவர்டைம் குறைந்ததா, எடுக்காமல் கிடந்த லீவு எடுக்கப்பட்டதா, விட்டுப்போன வேலைகளின் பட்டியல் சுருங்கியதா என்று பாருங்கள். ஓவர்டைம் குறைந்து, அந்தப் பட்டியல் நீண்டிருந்தால், சுமை குறையவில்லை, இடம் மாறியிருக்கிறது.